எந்த ஆற்று மீன்?

சென்னையில் பல வீடுகளில் இன்று நீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. போர் தண்ணீரில் முக்கினால் எழுநூறு, ஆயிரம் என்று ஓடும். ஆர்ஓ மெஷினிலிருந்து வடியும் தண்ணீரில் முப்பது, ஐம்பது என்று நிற்கும். அதே மீட்டரைப் பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றில் முக்கினால் பெரும்பாலான இடங்களில் எண் பத்தைக்கூடத் தொடாது. நாம் காசு கொடுத்து வடிகட்டிக் குடிக்கும் நீரைவிட உப்புக் குறைந்த நீரை, பல கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பேராறு காட்டின் ஊடே சுமந்துகொண்டு போகிறது.

ஆனால் அதன் நிறம் பால் ஊற்றாத தேநீரின் நிறம். ஆற்றின் இரு மருங்கிலும் பல இடங்களில் இருப்பது வெறும் வெள்ளை மணல். விழுந்த இலையின் சாற்றைப் பிடித்துவைத்துச் சிதைக்கப் போதுமான களிமண் அங்கே கிடையாது. அதனால் மட்கும் இலைகளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலமும் ஃபுல்விக் அமிலமும் மணல் வழியே வடிந்து நேராக ஆற்றில் சேர்கின்றன. தண்ணீரின் பிஎச் 4-க்கும் 5-க்கும் இடையில் கிடக்கிறது, சில கிளை ஓடைகளில் 4-க்கும் கீழே. அமேசான் படுகையின் ஆறுகளை வெள்ளை நீர், தெளிந்த நீர், கறுப்பு நீர் என்று மூன்றாகப் பிரித்தவர் ஜெர்மானிய நீரியல் அறிஞர் ஹரால்ட் சியோலி. ஆண்டிஸ் மலையின் வண்டலைச் சுமந்து வருவது வெள்ளை நீர். பழமையான, உப்பெல்லாம் எப்போதோ கரைந்து போய்விட்ட நிலத்திலிருந்து வருவது கறுப்பு நீர்.

இந்தக் கறுப்பு நீரில், ஓடைகளின் அடியில் படிந்து கிடக்கும் இலைக்குவியலுக்குள், விரல் நீளம்கூட இல்லாத சிக்லிட்கள் வாழ்கின்றன. சிக்லிட் குடும்பம் நமக்கு அந்நியமானதல்ல. சந்தையில் விற்கும் ஜிலேபிக் கெண்டை ஒரு சிக்லிட்தான். ஆப்பிரிக்க மீனான அது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கேரளத்தார் வாழையிலையில் பொள்ளிக்கும் கரிமீனும் சிக்லிட். அது இந்த மண்ணுக்கே உரியது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான சிக்லிட்கள் மொத்தம் மூன்றே இனங்கள். தென்னமெரிக்காவிலோ, அபிஸ்டோகிராமா என்ற ஒரே பேரினத்தில் மட்டும் தொண்ணூறுக்கு மேற்பட்ட இனங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆண் ஆறு, ஏழு, எட்டு சென்டிமீட்டர்; பெண் அதைவிடச் சிறியது. மீன் வளர்ப்போர் செல்லமாக ‘அபிஸ்டோ’ என்கிறார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

கடைகளில் கிடைக்கும் அபிஸ்டோக்களில் பெரும்பாலானவை பல தலைமுறைகளாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. காகட்டூவாய்டிஸ், போரெல்லி போன்ற இனங்கள் நம் குழாய்த் தண்ணீரையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆற்றில் பிடித்து வந்த மீன் வேறு ரகம். அதைக் கொண்டுவந்து சேர்த்தால் மட்டும் போதாது, அதன் தண்ணீரையும் வீட்டில் உண்டாக்க வேண்டும். அப்படிப்பட்ட மீனை வாங்க நினைப்பவர் மீனைப் பற்றிப் படிக்கும் முன் தண்ணீரைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நன்னீர் மீன் எதுவாக இருந்தாலும் அதன் ரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட மிக அதிகம். செவுள் வழியாகச் சோடியம் ஓயாமல் வெளியே கசிகிறது. மீன் அதே செவுளால் ஓயாமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அமிலம் கூடினால் கசிவு அதிகமாகும், இழுக்கும் வேகமும் படுத்துவிடும். சாதாரண நன்னீர் மீன் ஒன்றைப் பிஎச் 4 உள்ள, கால்சியமே இல்லாத நீரில் போட்டால் உப்பை இழந்தே செத்துப்போகும். ரியோ நீக்ரோவின் மீன்கள் இதைச் சமாளிப்பது எப்படி என்று ஆராய்ந்தபோது இரண்டு வழிகள் தெரியவந்தன. கார்டினல் டெட்ரா போன்ற மீன்கள், நீரில் அற்பமாக இருக்கும் சோடியத்தையும் விடாமல் இழுத்துக்கொள்ளும் திறன் பெற்றவை. சிக்லிட்கள் இழுப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர்கள் அல்ல. அவை கசிவை அடைத்துவைத்திருக்கின்றன. செவுளின் கதவுகள் அமிலத்திலும் இறுக்கமாக மூடியே இருக்கின்றன. இதற்கெல்லாம் மேலாக, நீரைக் கறுப்பாக்கும் அந்த இலைச்சாறே செவுளுக்குக் காவலாக நிற்கிறது. அமிலத்தால் வரும் உப்பிழப்பை அது குறைக்கிறது. எனவே தொட்டிக்குள் இலை போடுவதை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது.

வாங்கிய மீன் வீட்டுக்கு வந்து சேரும் முதல் மணி நேரத்தில் நடக்கும் சாவுகள் ஏராளம். காரணம் வேதியியல். ஆக்சிஜன் நிரப்பிய பையில் மீன் ஒரு நாளோ அதற்கு மேலோ பயணம் செய்கிறது. அதன் கழிவு அம்மோனியாவாகச் சேர்கிறது. மூச்சில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து பிஎச்சை இறக்குகிறது. பிஎச் இறங்கிய நீரில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் என்ற, அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவத்தில் இருக்கும். இந்த ஏற்பாட்டினால்தான் மீன் உயிரோடு வந்து சேர்கிறது. பையைத் திறந்தவுடன் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும், பிஎச் ஏறும். அந்த நேரம் பார்த்து நம் கடினமான குழாய்த் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் ஊற்றினால் பிஎச் தாவி ஏறும். 5-இலிருந்து 8-க்குப் போனால் நச்சு அம்மோனியாவின் பங்கு சுமார் ஆயிரம் மடங்காகிறது. அக்கறையோடு, மெதுவாக, அரை மணி நேரம் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுபவர்தான் இதில் அதிகம் இழக்கிறார். சரியான வழி, மீன் வருவதற்கு முன்பே மென்மையான, அமிலத்தன்மையுள்ள நீரைத் தனித்தொட்டியில் தயாராக வைத்திருப்பது. பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், பை நீரைத் தொட்டியில் விடாமல் மீனை மட்டும் வலையால் எடுத்து உள்ளே விட்டுவிடலாம்.

இதே வேதியியல் தொட்டியிலும் தொடர்கிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் ஃபில்டர் பாக்டீரியாக்கள் பிஎச் 6-க்குக் கீழே வெகுவாகச் சுணங்கிவிடும். அமில நீரில் அம்மோனியம் தீங்கில்லாமல் தேங்கிக் கிடக்கும். ஒருநாள் அவசரத்தில் ஒரு வாளி போர் தண்ணீர் ஊற்றினால் அதில் ஒரு பங்கு நஞ்சாகும். ஆகவே கறுப்பு நீர்த் தொட்டியில் மீன் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். நீர் மாற்றுவது கொஞ்சமாகவும் அடிக்கடியும், எப்போதும் அதே வகை நீராலும் இருக்க வேண்டும். மிதக்கும் செடிகள் அம்மோனியத்தை நேரடியாக உறிஞ்சிக்கொள்வதால் அவை மேலே படர்ந்திருப்பது நல்லது.

இந்த நீரை நம் ஊரில் தயாரிப்பது கஷ்டமே இல்லை. ஆர்ஓ தண்ணீர் ஒரு வழி. வடகிழக்குப் பருவமழை இன்னொரு வழி. முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, காற்றும் மரங்களும் கழுவப்பட்ட பிறகு பிடிக்கும் மழைநீர் மிக மென்மையானது. ஆனால் மொட்டை மாடியில் ஓடி, குழாய் வழியாக இறங்கும் மழைநீர் வேண்டாம். சிமெண்டிலும் சுண்ணாம்பு ஓட்டிலும் ஓடும், இயல்பிலேயே சற்று அமிலமான மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும், பிறகு மீட்டர் வேறு கதை சொல்லும். திறந்தவெளியில் பிளாஸ்டிக் டிரம்மை வைத்து, வானத்திலிருந்து நேராக விழுவதைப் பிடியுங்கள்.

இலைக்கு நாட்டு வாதாம் மரம் இருக்கிறது. பள்ளிக்கூட வாசலிலும் தெருமுனையிலும் அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்குமே, பிள்ளைகள் கொட்டையைக் கல்லால் உடைத்துத் தின்பார்களே, அதே மரம்தான். ஐரோப்பியர்கள் காலங்காலமாகப் பீட் கரியைப் போட்டுத்தான் நீரைக் கறுப்பாக்கினார்கள். இன்று அவர்களும் இந்த இலையைத்தான் காசு கொடுத்து இறக்குமதி செய்கிறார்கள். தானாகச் சிவந்து விழுந்து காய்ந்த இலையாக இருக்க வேண்டும். பூச்சிமருந்து அடிக்காத இடமாகவும், பெரிய சாலையிலிருந்து தள்ளியும் பொறுக்குங்கள். நன்றாகக் கழுவி, கொதிநீரில் ஒருமுறை முக்கி எடுத்தால் போதும். ஓரிரு நாள் மிதந்துவிட்டு அடியில் அமரும். சில வாரங்களில் சதை கரைந்து நரம்பு மட்டும் மிஞ்சும்போது புது இலை போடலாம். பழையதை எடுக்க வேண்டியதில்லை.

மனாஸ் நகருக்கு அருகே தருமாசின்யோ என்ற கறுப்பு நீர் ஓடையில் இலைக்குவியலின் உயிர்களை ஆராய்ந்த பீட்டர் ஹெண்டர்சனும் இல்சே வாக்கரும் 1986-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். தண்ணீரில் சத்தே இல்லை, பாசியும் குறைவு. அப்படியானால் இத்தனை மீன்களும் எதைத் தின்று வாழ்கின்றன? விடை இலைக்குள் இருந்தது. விழுந்த இலையைப் பூஞ்சை தின்கிறது. பூஞ்சையைக் கொசுவினப் பூச்சிகளின் புழுக்களும் நுண்ணிய ஓட்டுயிர்களும் தின்கின்றன. அவற்றைச் சின்ன மீன்கள் தின்கின்றன. மொத்தக் குடியும் மரத்திலிருந்து விழுவதை நம்பித்தான் நடக்கிறது. ஆற்றில் பிடித்த அபிஸ்டோ குருணைத் தீவனத்தை முதல் வாரங்களில் ஏறிட்டும் பார்க்காததற்கு இதுவே காரணம். நகர்வதுதான் அதற்கு உணவு. கொசுப்புழு, ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் இறால், வீட்டிலேயே வளர்க்கக்கூடிய கிரிண்டல் புழு ஆகியவற்றில் தொடங்கி மெதுவாக உறைந்த உணவுக்குப் பழக்க வேண்டும்.

குறைந்தது ஒரு மாதம் தனித்தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். தீனியை வாயில் வாங்கித் துப்பிக்கொண்டே இருந்தாலோ, வயிறு உள்வாங்கினாலோ, வெள்ளை நூல் போல மலம் கழித்தாலோ குடலில் புழுவோ கசையிழை உயிரிகளோ இருக்கலாம். லெவமிசோல், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் உண்டு. ஆனால் விஷயம் தெரிந்தவரிடம் அளவு கேட்காமல் போடக் கூடாது.

ஒரு ஜோடிக்கு 60 சென்டிமீட்டர் நீளத் தொட்டி போதும். அடியில் மெல்லிய மணல் தேவை, சரளைக்கல் ஆகாது. இந்த மீன்கள் மணலை வாயால் அள்ளிச் சலித்துச் செவுள் வழியே உதிர்ப்பவை. இலையும் வேரும் பார்வையை மறைக்கும்படி கிடக்க வேண்டும். ஒன்றையொன்று பார்க்காத மீன்கள் சண்டையிடுவதில்லை. மேல்மட்டத்தில் சில பென்சில் மீன்கள் நீந்தினால் அபிஸ்டோ ‘வெளியே ஆபத்தில்லை’ என்று தைரியமாக நடமாடும்.

முட்டையிட ஒரு பொந்து வேண்டும். உலகெங்கும் அபிஸ்டோ வளர்ப்போர் இதற்குப் பயன்படுத்துவது நம் கொட்டாங்குச்சியைத்தான். நார் நீக்கி, உள்ளே ஒட்டிய தேங்காய்ப் பருப்பைச் சுரண்டிக் கொதிக்க வைத்துக் காயவிடுங்கள். கவிழ்த்து வைக்கும்போது விளிம்பில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஹாக்ஸா பிளேடால் ஒரு துளை வெட்டுங்கள். வாசல் சிறிதாக இருப்பது முக்கியம். பெண் உள்ளே போகும், பெரிய ஆண் போகாது. பிடித்த வீடானால் பெண் அதை உடனே திருத்தத் தொடங்கும். வாய் வாயாக மணலை அள்ளி வந்து வாசலை இன்னும் குறுக்கும்.

பல நாள் வறண்ட காலம் போலப் பராமரித்த பிறகு, சற்றுக் குளிர்ந்த மழைநீரால் தொட்டி நீரில் ஒரு பங்கை மாற்றிவிட்டு, கொசுப்புழு தாராளமாகக் கொடுத்துப் பாருங்கள். ஆற்றில் வெள்ளம் ஏறும் காலத்தின் செய்தி அது. மனாஸில் ஆண்டுக்குச் சுமார் பத்து மீட்டர் நீர் ஏறி இறங்குகிறது. ஆறு காட்டுக்குள் புகுந்து மரங்களுக்கு நடுவே மாதக்கணக்கில் நிற்கிறது. அந்தக் கடிகாரம் ஆற்றில் பிடித்த மீனின் உடம்பில் இன்னும் ஓடுகிறது.

முட்டைகள் பொந்தின் கூரையில் ஒட்டப்படும். பல இனங்களில் அவை நல்ல சிவப்பு. ஐம்பது முதல் நூறு, சிலவேளை அதற்கும் மேல். அதுவரை மங்கலாகத் திரிந்த பெண் எலுமிச்சை மஞ்சளாக மாறிவிடும். கன்னத்திலும் வயிற்றடியிலும் கரிக்கோடுகள், உடம்பில் ஓரிரு கரும்புள்ளிகள். இது தாய்மையின் நிறம், கூடவே எச்சரிக்கையின் நிறமும். இதற்குப் பிறகு தொட்டி அவளுடையது. தன்னைவிட இரு மடங்கு பெரிய ஆணைக்கூட மூலைக்கு விரட்டுவாள். தொட்டி சிறியதாக இருந்தால் ஆணை எடுத்துவிடுவதே நல்லது, இல்லாவிட்டால் அது உயிரோடு மிஞ்சாமல் போகலாம்.

முதல் இரண்டு நாள்தான் சோதனை. கடினநீரில் முட்டைகள் ஒவ்வொன்றாக வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். தாய் அவற்றைத் தின்றுவிடுவாள். அமிலமும் இலைச்சாறும் உள்ள நீரில் பாக்டீரியாவும் பூஞ்சையும் அடங்கிக் கிடப்பதால் முட்டைகள் சுத்தமாகத் தங்குகின்றன. இரண்டு மூன்று நாளில் பொரிந்து, வாலை மட்டும் ஆட்டும் லார்வாக்களாகும். அவற்றைத் தாய் வாயில் கவ்வி ஒரு குழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பாள். மேலும் ஐந்தாறு நாளில் அவை நீந்தத் தொடங்கும்.

அந்தக் காட்சியை ஒருமுறையாவது அருகில் உட்கார்ந்து பாருங்கள். மஞ்சள் தாயைச் சுற்றி ஒரு மேகம் போலக் குஞ்சுகள் இலைகளின் மேல் மேயும். ஆபத்து என்று பட்டால் தாய் அடிவயிற்றுத் துடுப்புகளைச் சட்டென்று வெட்டி, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்குவாள். அந்தக் கணமே குஞ்சுகள் அத்தனையும் அடியில் விழுந்து அசையாமல் கிடக்கும். கண் முன்னே இருந்தாலும் தெரியாது. தாய் நிதானமாக நீந்தத் தொடங்கியதும் மேகம் மீண்டும் எழும். நம் கை நிழல் கண்ணாடியில் விழுந்தால்கூட இது நடக்கும். முதல் நாட்களில் இலையின் மேல் படிந்த நுண்ணுயிர்களே குஞ்சுகளின் உணவு; பிறகு உப்பு நீரில் ஒரு நாளில் பொரியும் ஆர்ட்டீமியா குஞ்சுகளைத் தினம் இரண்டு மூன்று முறை கொடுக்கலாம். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உப்பித் தெரியும்.

நம் கோடைக்கு ஒரு எச்சரிக்கை. அபிஸ்டோவில் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதில் வெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆய்வாளர்கள் உவே ரோமரும் பைசன்ஹெர்ட்ஸும் பல அபிஸ்டோ இனங்களின் குஞ்சுகளை 23, 26, 29 டிகிரி செல்சியஸில் வளர்த்துப் பார்த்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வெப்பம் கூடக் கூட ஆண்களின் பங்கு கூடியது. குறைந்த வெப்பத்தில் பெண்கள் மிகுந்தன. பிறந்து முதல் சில வாரங்களின் வெப்பமே இதை முடிவு செய்கிறது. முதலைகளிலும் ஆமைகளிலும் நாம் அறிந்த விஷயம்தான், மீனிலும் நடக்கிறது. சென்னைச் சித்திரையில் மூடிய அறையின் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அப்போது பிறக்கும் குஞ்சுகளில் பெண்ணே கிடைக்காமல் போகலாம், அடுத்த தலைமுறைக்கு வழி அடைந்துவிடும். கார்த்திகை, மார்கழி, தை நமக்கு நல்ல இனப்பெருக்க மாதங்கள்.

இத்தனை பாடுபட்டு வளர்க்கும் குஞ்சுகளுக்கு ஒரு ஊர் உண்டு. ஆற்று மீன் வளர்ப்பில் மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது இதுதான் என்பதால் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன்.

1865-இல் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி ஒரு பெரிய குழுவோடு அமேசானுக்குப் போனார். பின்னாளில் தத்துவ அறிஞராகப் பெயர்பெற்ற வில்லியம் ஜேம்ஸும் இளைஞராக அந்தக் குழுவில் இருந்தார். அகாசி டார்வினின் பரிணாமக் கொள்கையைக் கடைசிவரை ஏற்காதவர். இடத்துக்கு இடம் மீன்கள் மாறுவதை அவர் கூர்ந்து கவனித்தார். ஆனால் ஒவ்வொன்றும் அந்தந்த இடத்திலேயே படைக்கப்பட்டது என்று முடிவு கட்டினார். 1875-இல் மீனியல் அறிஞர் ஸ்டெயின்டாக்னர் ஒரு குள்ளச் சிக்லிட்டுக்கு அகாசியின் பெயரை வைத்தார். அதுவே இன்று எல்லோரும் விரும்பும் அபிஸ்டோகிராமா அகாசிசி. அதன் ஆண்கள் ஓர் ஆற்றில் நீலம், ஓர் ஆற்றில் சிவப்பு, ஓர் ஆற்றில் மஞ்சள்.

அகாசி கண்டது சரி, காரணம்தான் வேறு. கிழக்கு அமேசானின் அபிஸ்டோகிராமா கேட்டே என்ற மீனை எடுத்துக்கொண்டு ஜோனதன் ரெடியும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிறத்தில் மட்டும் சற்றே வேறுபட்டு, ஒரே இனம் என்று கருதப்பட்ட மீன்கள் அவை. துணையைத் தேர்ந்தெடுக்க விட்டபோது பெண்கள் தங்கள் நிறவகை ஆண்களையே நாடின. மரபணுவும் அவை பிரிந்து நிற்பதைக் காட்டியது. நம் கண்ணுக்கு ஒரே மீன், மீனின் கண்ணுக்கு வேறு வேறு இனம். இலையடியில் வாழும் இந்தச் சின்ன மீன் நீண்ட தூரம் பயணிப்பதில்லை. ஒரு பேராறோ, ஓர் அருவியோ, நீரின் தன்மையில் ஒரு மாற்றமோ குறுக்கே வந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியே மாறிக்கொண்டு போகும்.

தொட்டியில் வேறு துணை இல்லாதபோது இந்தத் தேர்வு உடைந்துபோகிறது. இரண்டு ஆறுகளின் அகாசிசியை ஒன்றாக விட்டால் கலந்து குஞ்சு பொரிக்கும். குஞ்சு அழகாகவும் இருக்கும். ஆனால் அது எந்த ஆற்றிலும் இல்லாத மீன். மங்கலான பெண்களைப் பார்த்து எந்த இனம் என்று சொல்வது தேர்ந்தவர்களுக்கே சிரமம். குறிப்பு தொலைந்தால் பிறகு எந்தப் புத்தகமும் உதவாது.

ஆற்றில் மீன் பிடிப்பதே தவறல்லவா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. ரியோ நீக்ரோவின் பார்சிலோஸ் நகரைச் சுற்றியுள்ள குடும்பங்கள் பல தலைமுறையாக அலங்கார மீன் பிடித்துப் பிழைக்கின்றன. கைவலை, சிறு படகு போன்றவையே கருவிகள். லாபிஷ் சாவ் என்ற மீனியல் அறிஞர் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் பியாபா’ சொல்வது இதைத்தான்: மீன் விற்றால் காடு நிற்கும்; மீன் விற்காவிட்டால் அந்தக் குடும்பங்கள் மரம் வெட்டவோ சுரங்கத்துக்கோ போகும். கார்டினல் டெட்ரா போல ஆறு நிறைய இருக்கும் மீன்களில் நான் இதை முழுமையாக ஏற்கிறேன். பெருவின் நிஜ்செனி போல ஒரு சிறு பகுதியில் மட்டும் வாழும் அபிஸ்டோக்களில் ஏற்க மாட்டேன். அவற்றைத் தொட்டியில் பிறந்தவையாகவே வாங்க வேண்டும், அவை கிடைக்கின்றன.

ஆற்று மீன் வாங்கும்போது விலை கேட்கும் முன் எந்த ஆறு, எந்த ஊர்ப்பக்கம் பிடித்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். பதில் இருந்தால் அதைத் தொட்டியின் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள். குஞ்சுகளை நண்பருக்குக் கொடுக்கும்போது அந்தச் சீட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். வேறு ஆற்று மீனோடு கலக்காதீர்கள். வளர்க்க முடியாமல் போனால் இன்னொருவருக்குக் கொடுங்கள், ஏரியிலோ கிணற்றிலோ மட்டும் விடாதீர்கள். யாரோ தொட்டியிலிருந்து விட்ட தென்னமெரிக்கச் சக்கர் மீன் ஏற்கெனவே நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.